தொட்டி நிரம்பிய விவரம்

என் பெயர் ஹெலன் சாந்தகுமாரி, வயது 46, தந்தை பெயர் அருளானந்தம். யாங்கோன், க்யிம்யிண்டைங்கில் படகுத்துறைக்குப் பின்தெருவில் வசிக்கிறேன். விலங்கியல் பட்டதாரி. வீட்டில் டியூஷன் எடுப்பதால் இங்கே எல்லோரும் என்னை சயாமா, அதாவது டீச்சர், என்று கூப்பிடுவார்கள். எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியையும் நடத்துகிறேன். சபை மூப்பர் தேவசகாயம் என் மேல் காவல் நிலையத்தில் கொடுத்த புகாருக்காக இதைத் தமிழில் நானே எழுதித் தருகிறேன். பர்மிய மொழிபெயர்ப்பு இணைத்திருக்கிறேன்.

எங்கள் கோயிலிலுள்ள ஞானஸ்நானக் கல்தொட்டி, இங்கிலாந்தில் ஒரு கிராமக் கோயிலில் பல நூறு ஆண்டுகள் இருந்து, வெள்ளைக்காரர் காலத்தில் கப்பலில் வந்தது. அதன் அடியில் ஒரு துளை உண்டு. ஜெபித்த தண்ணீரை யாரும் எடுத்துப் போகாமல் நேரே மண்ணுக்குள் இறங்குவதற்காக வைத்த துளை. சடங்கு நாளில் மூப்பர் அதை ஈயக் கட்டையால் அடைத்து வைப்பார். பிள்ளையின் தாய் தண்ணீர் சுமந்து தொட்டியை நிரப்ப வேண்டும், நிரம்பிய பிறகுதான் குருவானவர் ஜெபம் தொடங்குவார். இது எங்கள் சபை வழக்கம்.

மூப்பரின் மகன் எட்வின் சென்ற ஆண்டு டெங்குவில் இறந்தான். அவனுடைய மனைவி, பர்மிய பௌத்தப் பெண்ணான மா நீலாரை, மூப்பர் ஒருநாளும் வீட்டில் சேர்த்ததில்லை. அவளுடைய கைக்குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை, பிழைக்காது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். ஞானஸ்நானம் பெற்றால்தான் எங்கள் கல்லறையில் தகப்பன் பக்கத்தில் பிள்ளையை வைக்க முடியும் என்பதால் அவள் கேட்டாள். குருவானவர் சம்மதித்தார். தொட்டி நிரம்பினால் மகன் பக்கத்தில் இடம் தருவதாகச் சொல்லி மூப்பரும் சம்மதித்தார். நான் ஞானத்தாய்.

அந்த ஞாயிறு மின்சாரம் இல்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை. மா நீலார் முற்றத்துக் கைபம்பில் அடித்து வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றினாள். நான் குழந்தையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததால் தொட்டியின் உள்ளே எனக்குத் தெரியவில்லை. அவள் உள்ளே பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். தொட்டியருகே நின்ற மூப்பர், "பழைய கல்லு, குடிக்கும். ஊத்திக்கிட்டே இருக்கச் சொல்லுங்க சயாமா" என்றார். பர்மிய மொழியில் அவளுக்கு அதைச் சொன்னது நான்தான். அதன் பிறகும் அவள் போய்ப் போய் வந்தாள். "புத்தருக்கு ஊத்துற கை. இங்க நிக்குமா" என்று பாடகர் வரிசையில் ஒரு பெண் சொல்ல, சிலர் சிரித்தார்கள். அவளுடைய லுங்கி முழங்கால்வரை நனைந்திருந்தது. குருவானவர் அடுத்த கோயில் ஆராதனைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். குழந்தைக்கு மூச்சு வாங்கியது. அவள் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அதன் பிறகு நான் பின்னறைக்குக் குடையை எடுக்கப் போனபோது, மேசைமேல் மூப்பரின் வெற்றிலைப் பெட்டிக்கருகில் ஈயக் கட்டை இருந்தது.

"ஏன் அண்ணன் எடுத்தீங்க?"

"எடுக்கலையே. போடல, அவ்வளவுதான்."

மறுநாள் ஆஸ்பத்திரியில், ஆபத்தில் யாரும் கொடுக்கலாம் என்ற திருச்சபை விதிப்படி, குடிநீர் பாட்டிலைத் திறந்து எட்வின் என்ற பெயரில் நானே ஞானஸ்நானம் கொடுத்தேன். அன்று மாலை குழந்தை இறந்தது. குருவானவர் அது செல்லும் என்றார். கல்லறைச் சாவி மூப்பரிடம் இருந்தது.

"பாட்டில் தண்ணியா சயாமா? தொட்டி நிரம்பினா என் மகன் பக்கத்துல இடம் தரேன்னுதானே சொன்னேன். நிரம்புச்சா?"

மா நீலார் குழந்தையை த்வாண்டேயிலுள்ள தன் தகப்பன் ஊருக்குப் படகில் கொண்டுபோனாள். துணியில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தாள். படகுக்காரர் கேட்டதற்குத் தூங்குகிறான் என்றாள்.

அவர்களை ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில் சிமெண்டும் மணலும் வாங்கி, சைக்கா என்ற மிதிவண்டி ரிக்‌ஷாவில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுவந்தேன். ஞாயிறு பள்ளிக்காக என்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தேன். பின்னறையிலிருந்த ஈயக் கட்டையை எடுத்துவந்து துளையில் வைத்து அழுத்தினேன். அவள் விட்டுப்போன வாளியிலேயே கலவை குழைத்து விளிம்புவரை ஊற்றி, பலகையால் மட்டம் செய்தேன். இறுகும்வரை அருகில் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு மூப்பர் வீட்டுக்குப் போய், "நிரம்பிருச்சு அண்ணன், வந்து பாருங்க" என்றேன்.

தொட்டியை உடைக்காமல் அதை எடுக்க முடியாது என்று கொத்தனார் சொன்னதாகப் புகாரில் உள்ளது. அது தெரிந்தேதான் செய்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. மேலே எழுதியவை நான் கண்டவையும் செய்தவையுமே; யாரும் வற்புறுத்தாமல் எழுதி, படித்துப் பார்த்து ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
ஹெலன் சாந்தகுமாரி