மாப்பிள்ளை காட்டாத வீடு

பதுளையிலிருந்து பசறை போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் கொழும்பில் மகளைப் பார்த்துவிட்டு வரும் தம்பதி. தூங்குவதுபோல் நடித்துக்கொண்டே அவர்கள் பேச்சை ஒட்டுக்கேட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான்.

“மாப்பிள்ள கடலக் காட்டினாரு, மிருகக்காட்சிசாலையக் காட்டினாரு. குடியிருக்கிற வீட்ட மட்டும் காட்டலயே!” என்றார் அந்த அம்மா.

“பெயின்ட் அடிக்கிறாங்கன்னுதானே நம்மள லொட்ஜில தங்க வச்சாரு?” என்றார் கணவர்.

“புள்ள எளச்சிட்டா. குசினி எப்புடி, சமைக்க எடம் இருக்கான்னு கேட்டா பேச்ச மாத்துறா.”

கணவர் ஜன்னலுக்கு வெளியே தேயிலை மலையைக் கைகாட்டினார்.

“அவரு பொண்ணு பாக்க வந்தப்ப நாம குடியிருக்கிற தோட்டத்து லயத்தக் காட்டினோமா? ஒழுகுதுன்னு கணக்கப்பிள்ள வீட்டுலதானே ஒக்கார வச்சோம்?”

“நாம மறைச்சது ஒரு பொழுதுங்க. அவ காலம் பூரா அந்த வீட்டுலதானே இருக்கணும்.”