நாத்தனார் சைக்கிளுக்கு மூணு கோட்டிங்

...அரை மணியில காயும்னு ஸ்ப்ரே பெயிண்ட் டப்பாவுல கொட்டை எழுத்துல போட்டிருக்காண்ணே! யாரு வீட்டு அரை மணியோ! நேத்து காலைல அடிச்சது, இன்னும் விரல்ல ஒட்டுது. நீங்க ஹேண்டிலையும் பெடலையும் மாட்டிக் குடுங்க போதும், கழட்டிட்டேன், மாட்டத் தெரியல... ஐயோ, அங்க தொடாதீங்க! ஏற்கெனவே என் கட்டைவிரல் பதிஞ்சிருக்கு. காஞ்சுதான்னு தொடாம எப்படிண்ணே தெரியும்? "வேற சாட்சியே வேண்டாம், கைநாட்டு வெச்சுட்ட"ன்னு சிரிக்கறாரு எங்க வீட்டுக்காரரு.

அவருக்கென்ன, அவரு தங்கச்சி சைக்கிள். அவ ரெண்டு மாசம் வேலையா வெளியூர் போனா. "ஓட்டுங்க அண்ணி, ஆனா பாத்து"ன்னு குடுத்துட்டுப் போனா. அந்த 'ஆனா' இருக்கே... அதுலயே எனக்குப் பாதித் தூக்கம் போச்சு. இன்னிக்கு அஞ்சு மணிக்கு வரா.

முந்தாநாள் தொடைக்கறேன், சீட்டுக்குக் கீழ ஒரு கீறல். நகத்தளவு! "உள்ளதச் சொல்லிடேன்"ங்கறாரு இவரு. நானா? அவகிட்டயா? ஒரு டம்ளர் நசுங்கினதுக்கு மூணு வருஷமாப் பேசறவண்ணே அவ!

அதே சிவப்புன்னுதான் வாங்கினேன். மூடி ஒரு சிவப்பு, உள்ள ஒரு சிவப்பு. கீறல் மேல ஒரே ஒரு 'புஸ்'... சட்டைக்கு ஒட்டுப் போட்டாப்ல உள்ளங்கையளவு திட்டு. சரின்னு அந்தக் கம்பி முழுக்க அடிச்சேன். பக்கத்துக் கம்பி வெளுத்துத் தெரிஞ்சுது. அதுக்கும் அடிச்சேன். அப்புறம் அடுத்தது... எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்தின கதைதான், போங்க!

மெல்லிசா அடிக்கணுமாமே? யாரு சொன்னா எனக்கு? கனமா அடிச்சேன், மெழுகுவத்தியா வழிஞ்சுது. அத மறைக்க ரெண்டாவது கோட்டு, அத மறைக்க மூணாவது. மாடியில காத்துன்னு குளியலறையில வெச்சு அடிச்சதுல வாளி சிவப்பு, சோப்பு சிவப்பு, அதப் போட்டுக் குளிச்ச இவரு காது மடல் சிவப்பு. வீலுக்குச் சுத்தின நியூஸ் பேப்பர் வேற கம்பியில ஒட்டிக்கிச்சு. இந்தப் பின் கம்பியப் பாருங்க, நாளைக்கு மழைன்னு வாசிக்கலாம்.

என்னண்ணே, பிரேக் கம்பியவே பாக்கறீங்க? நீங்க மாட்டினதா? இதே சைக்கிளுக்கா? இருக்காதே, நான் உங்க கடைக்குக் கொண்டாந்ததே இல்லையே... யாரு? கண்ணாடி போட்டு, ஒசரமா... ஆமா, அவதான்! மாடிப்படியில கீழ போட்டுட்டேன்னு சொன்னாளா? கம்பி அறுந்து, சீட்டுக்குக் கீழயும்... வலது பக்கமா? எப்ப? மூணு மாசம் முன்னாடியா?

அப்ப எங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே! அண்ணே, அப்ப அது அவ கீறல்!

இருங்க, உக்காந்துக்கறேன். ரெண்டு நாளா சாப்பாடு எறங்கலண்ணே எனக்கு. அவ வந்து நிக்கறப்ப, "இந்தா பாரு, நீ போட்டது"ன்னு நிமிந்து நின்னு விரல நீட்டியிருக்கலாம்... இப்ப எதக் காட்டுவேன்? நானே மூணு கோட்டிங் போட்டுப் பொதச்சிருக்கேனே!

ஹேண்டில் கெடக்கட்டும், விடுங்க. சுரண்டற தகடு ஏதாவது இருக்கா? அந்த எடத்துப் பெயிண்ட மட்டும் எடுங்க... மெதுவா... பாத்துண்ணே, பாத்து! கீறல் விழுந்துடாம சுரண்டுங்க!