கூத்தாடிக்கு உள்ள பேரு

கொஞ்சம் பொறுங்க பாஸ்டர். நாளைக்கு என்னைய அபிஷேகம் பண்ணி பாஸ்டராக்குறதுக்கு முந்தி இந்தக் காத்தமுத்து கதைய நீங்க கேட்டாகணும். ஏன் சபைக்கு வாறதில்லன்னு அவங்க வீட்டுல விசாரிச்சீங்களாமே. அங்க சொல்ல மாட்டாங்க. நான் சொல்றேன்.

மாசி மாசம் நம்ம தோட்டத்துல காமன் கூத்து நடக்குதில்ல, அதுல ரதி வேசம் பத்து வருசமா அவருதான். சபைக்கு வந்து அப்ப ஆறு மாசங்கூட ஆவல. அவங்கப்பா கட்டின வேசம், திடுதிப்புன்னு எப்படி விடுவாரு? ஆடி முடிச்சுட்டு, மூஞ்சக் கழுவிக்கிட்டு, நேரா ஞாயித்துக்கெழம ஆராதனைக்கு வந்து குந்திட்டாரு. கண்ணு மை சரியா போகல.

எனக்குக் கோவம். இல்ல, பொய் சொல்லக்கூடாது, பொறாமைங்க. அவரு ஆடயில தோட்டமே நின்னு பாத்துச்சு. என் பிரசங்கத்துக்குப் பாதிப் பேரு தூங்குவாங்க.

அன்னைக்கு நீங்க ஊர்ல இல்ல, பிரசங்கம் என்னுது. மத்தேயு ஆறாம் அதிகாரத்த எடுத்தேன். மாயக்காரர்னு வெளிவேசக்காரங்களச் சொல்லுதில்ல, அதுக்குக் கிரேக்கத்துல ஹுப்போக்ரிட்டேஸ், வேசம் கட்டி ஆடுறவன்னு அர்த்தம், கிரேக்கம் படிச்சவன் சொல்றேன்னு சொல்லி, அவரு பக்கம் கைய நீட்டினேன். இந்தா ஒருத்தரு மையோட உக்காந்திருக்காருன்னேன்.

அர்த்தம் சரிதாங்க. அதான் கொடுமை. அந்தக் காலத்துல அது கூத்தாடிக்கு உள்ள பேரு, அவ்வளவுதான், கேவலமான பேரு இல்ல. மேடையில பதில் சொல்ற ஆளுன்னு அதுக்கும் முந்தி ஒரு அர்த்தம் இருந்துச்சாம், போன்ல போட்டிருந்துச்சு. ஏசப்பா ஏசினது கூத்தாடியவா? தெரு முனையில நின்னு ஊரு பாக்க ஜெபம் பண்றவனத்தானே. அந்த மிச்சத்தையும் படிச்சுட்டுத்தான் போனேன் பாஸ்டர். வேணும்னே சொல்லாம விட்டேன்.

அவரா? எந்திரிச்சு, செருப்பக் கையில எடுத்துக்கிட்டு எறங்கிப் போனாரு. சனம் ஆமென் போட்டுச்சு. நாலு மாசமாச்சு. றப்பர் மலையில பால் வெட்டிட்டு எதிர வந்தா, இன்னமும் தோத்திரம் சொல்லிட்டுத்தான் போறாரு. எனக்குத்தான் வெக்கத்துல தலை நிமிர மாட்டேங்குது.

ஆங்? கிரேக்கம் எந்தக் காலேஜ்லயா?

கொழும்புல மூணு வருசம்னு சபையில சொல்லி வச்சிருக்கேன். அது காலேஜ் இல்லங்க. புறக்கோட்டையில ஒரு சாப்பாட்டுக் கடை. நான் கோப்பை கழுவினேன். பக்கத்துல நின்னு தொடச்சு அடுக்கினது காத்தமுத்து.