அக்காவின் முகம்

ஆலங்காயத்திலிருந்து காவலூர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையிலிருந்த கல்லூரிப் பையன் பக்கத்தில் இருந்தவளிடம் மெல்லச் சொன்னான்: "அக்கா, நேத்து ஃபோன் கேம்ல உன்னைச் சுட்டுட்டேன்."

அவள் சிரித்தாள். "நான் எப்பிடிடா அதுக்குள்ள வந்தேன்?"

"போன வருசம் சாமை அறுக்கறப்போ டவுன்லேருந்து ஃபோட்டோ எடுக்க வந்தாங்களே, அப்போ எடுத்த உன் மூஞ்சிக்கா. இன்னும் கறுப்பாக்கி, இலைதழை கட்டி, ஈட்டி குடுத்துருக்காங்க. காட்டுல வர்ற எதிரிங்க எல்லாத்துக்கும் அதே மூஞ்சி. சுட்டப்புறம்தான் கவனிச்சேன்."

"கையில அருவா தானே வெச்சிருந்தேன். சிரிக்காதம்மான்னு சொன்னாங்க. அதுக்குத்தானா?"

பேருந்து ஒரு வளைவில் ஏறித் திரும்பியது.

"கூட ஆடற பசங்களுக்குத் தெரியுமா?"

"சொல்லலக்கா. அவங்க சுட்டுக்கினேதான் இருக்காங்க."

"அதுல நான் இன்னா பேசறேன்?"

"பேச்சு எதுவும் வைக்கல. கத்த மட்டும் வுட்டுருக்காங்க."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அன்னிக்குப் பொழுது சாயற வரைக்கும் அந்த ஃபோட்டோக்காரங்ககிட்ட பேசிக்கினு இருந்தேனேடா," என்றாள்.