கடைக்கு வருமுன் கைக்கு வந்த போன்

என் பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் எழுதிக்கொள்ளப்பட்டுள்ளன. வயது நாற்பத்து மூன்று. நானும் என் கணவரும் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் லாண்டரிக் கடை நடத்துகிறோம். முன் அறையில் துணி வாங்கும் மேசையும், நடு அறையில் இரண்டு இஸ்திரி மேசைகளும், பின்னால் சலவை இயந்திரங்களும் உள்ளன. தேய்த்து முடித்த கோட்டுகளைப் பிளாஸ்டிக் உறை போட்டு நடு அறையில் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டிருப்போம். நீராவி இஸ்திரி என் வேலை. கறை எடுப்பதும் வாடிக்கையாளர்களிடம் வாயாடுவதும் என் கணவர் வேலை.

இந்த வழக்கில் கைப்பற்றப்பட்டுள்ள போன் என்னுடையது. எனக்குப் போன் பைத்தியம் என்று என் கணவர் சொன்னதாக அதிகாரி கேட்டார். அது உண்மைதான். இஸ்திரி போடும் நேரமெல்லாம் காதில் மாட்டிக்கொண்டு புதுப் போன்களைப் பற்றிய வீடியோக்களைத்தான் கேட்பேன். ஆனால் இதுவரை என் கைக்கு வந்ததெல்லாம் யாராவது வைத்திருந்து மாற்றிய போன்தான். கணவர் புதிது வாங்கினால் அவருடைய பழையது எனக்கு வரும். கல்யாணத்துக்கு முன்பு அண்ணனுடையது வந்தது. பள்ளிக்கூடப் புத்தகமும் சைக்கிளும்கூட அவனைத் தாண்டித்தான் என்னிடம் வந்தன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஏன் இவ்வளவு அவசரமாக வாங்கினீர்கள் என்று அதிகாரி கேட்டதால் சொல்கிறேன்.

மேற்படி போன் வெளிநாட்டில் விற்பனைக்கு வந்துவிட்டது. நம் நாட்டுக் கடைகளுக்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை வரும் என்று அறிவித்திருந்தார்கள். என் சின்னம்மா மகன் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருக்கிறான். வீட்டில் அவனைக் கப்பல் என்றுதான் கூப்பிடுவோம். அவன் கப்பல் நிற்கும் ஊரில் அந்தப் போன் கிடைக்கிறது என்று தெரிந்ததும், சேர்த்து வைத்திருந்த என் பணத்தை அவனுக்கு அனுப்பி, எந்தக் கம்பெனி சிம் போட்டாலும் எடுக்கும்படி லாக் இல்லாததாகப் பார்த்து வாங்கி வரச் சொன்னேன். அதற்கு என் கணவர், "இன்னும் ரெண்டு வாரத்துல தெருமுனைக் கடையிலயே வரப்போகுது. அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றார். "அதுக்குள்ளதாங்க அவசரம்" என்றேன்.

அதன் பிறகு கப்பல் ஊருக்கு வந்து, சுங்கவரி கட்டிய ரசீதோடு பெட்டியை என்னிடம் கொடுத்தான். ரசீதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்திருக்கிறேன். கஞ்சிப் பசை ஒட்டிவிடக் கூடாது என்று இரண்டு முறை கைகழுவி, சலவை செய்த வெள்ளை விரிப்பை இஸ்திரி மேசையில் போட்டு, அதன் மேல் வைத்துப் பெட்டியைத் திறந்தேன். போன் மேல் ஒட்டியிருந்த தாளை உரித்தபோது, வீடியோக்களில் கேட்ட அதே 'ஸ்ஸ்' சத்தம் என் கையிலிருந்து வந்தது. அதன் பிறகு சிம்மைப் போட்டேன், உடனே எடுத்தது. நான் போட்ட கூச்சலில் முன் அறையில் துணி கொடுக்க நின்றிருந்த பல் டாக்டர், யாருக்காவது கை சுட்டுவிட்டதா என்று உள்ளே ஓடிவந்தார்.

அதன் பிறகு முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, என்னைப் பார்த்தால் மட்டும் திறக்கும்படி அதைப் பழக்கினேன். முதல் போட்டோ என் கணவரை எடுத்தேன். நீராவிக்கு நடுவில், வாயைத் திறந்தபடி, ஒரு சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அவர் கறை பார்த்துக்கொண்டிருந்தார். ஆவியில் மிதந்த ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரிந்தது. "என்னை ஏன் இப்படி அழகா காட்டுது? ரிப்பேரா?" என்று கேட்டார். அந்தப் போட்டோவையே முகப்பில் வைத்துக்கொண்டேன்.

இந்த வழக்கின் எதிரியை நான் வீடியோ தம்பி என்றுதான் சொல்லி வருகிறேன். எதிரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் புதுப் போன்களைப் பிரித்துக் காட்டும் சேனல் வைத்திருப்பவர். நாலு வருடமாக ஒன்று விடாமல் பார்க்கிறேன். அன்று காலை அவர் போட்ட வீடியோவில், "நம்ம ஊர்ல இன்னும் ஒருத்தர் கையிலயும் வரல மக்களே, வந்தா முதல்ல நம்ம சேனல்லதான்" என்று சொல்லியிருந்தார். நான் அதன் கீழே, வந்துவிட்டது தம்பி, என் கையில் இருக்கிறது, வந்தால் பார்க்கலாம் என்று எழுதி, கடை முகவரியும் போட்டேன். இதை யாரும் சொல்லி நான் செய்யவில்லை. சந்தோஷம் தாங்காமல் செய்தேன்.

அவர் அன்று மதியமே வந்துவிட்டார். வீடியோவில் பார்ப்பதைவிடக் குள்ளமாக இருந்தார். ஒரே நாற்காலியில் இருந்த துணிமூட்டையைத் தள்ளி அவரை உட்கார வைத்து, என் கணவருக்கு வைத்திருந்த டீயை அவருக்குக் கொடுத்தேன். போனைத் திறந்து அவர் கையில் கொடுத்து, காலி டம்ளரை வாங்கிக்கொண்டேன். "செம பீஸுக்கா. வெளிச்சத்துல கலர் பாத்துட்டு வரேன்" என்று வாசலுக்குப் போனார். அதன் பிறகு ஹெல்மெட்டை மாட்டி வண்டியைக் கிளப்பினார். வெயில் நன்றாக விழும் இடத்துக்குப் போகிறார் என்று நினைத்துக் கையை ஆட்டினேன்.

பின்னால் இருந்து வந்த என் கணவர், "யாருக்கு டாட்டா காட்டுற?" என்றார்.

"நம்ம வீடியோ தம்பிக்குங்க."

"போன் எங்க?"

நான் என் கையைப் பார்த்தேன். டீ டம்ளர்தான் இருந்தது.

அதன் பிறகு கணவரின் போனிலிருந்து என் நம்பருக்கு அடித்தோம். மணி அடித்தது, எடுக்கவில்லை, பிறகு அடித்தபோது லைனே போகவில்லை. என் கணவர் உடனே காவல் நிலையம் போகலாம் என்றார். நான், "திரும்பி வருவாருங்க, அவர் அப்படிப்பட்டவர் இல்ல, எனக்கு நாலு வருஷமா தெரியும்" என்றேன். "உனக்கு அவனைத் தெரியும். அவனுக்கு உன்னைத் தெரியுமா?" என்று கேட்டார். இஸ்திரியைக்கூட அணைக்காமல் வாசலிலேயே நின்றிருந்தேன். பல் டாக்டருடைய கால்சட்டை ஒன்று கருகிப்போனது. கடை மூடும்வரை வீடியோ தம்பி வராததால் இருவரும் இங்கே வந்து புகார் கொடுத்தோம்.

மறுநாள் மாலை அவருடைய சேனலில் வீடியோ வந்தது. கணவரின் போனில், இஸ்திரி மேசையில் சாய்த்து வைத்து இருவரும் பார்த்தோம். "நம்ம நாட்டுலயே முதல் பீஸ், என் கையில!" என்று ஆரம்பித்தார். என் போனைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், வீடியோ பிரமாதமாக இருந்தது. கோபத்தோடு பார்க்க உட்கார்ந்தவள், பாதியில் என்னை அறியாமல் "அப்படிக் காட்டு, அப்படிக் காட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் கணவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதன் பிறகு கேமராவின் பெருமையைச் சொல்லும்போது நான் எடுத்த போட்டோவைக் காட்டி, "இது நானே எடுத்தது, எங்க மாமா" என்றார். என் கணவர், "நான் எப்படா உனக்கு மாமாவானேன்!" என்று எழுந்து நின்றுவிட்டார். வீடியோ முழுக்கத் தம்பியின் கட்டைவிரல் திரையைத் தடவிக்கொண்டே இருந்ததைக் கவனித்தேன். கையை எடுத்தால் போன் பூட்டிக்கொள்ளும், பூட்டிக்கொண்டால் என் முகம் வேண்டும். கடைசியில், நாளை மாலை நேரலையில் உங்கள் கேள்விக்கெல்லாம் இதே போனை வைத்துப் பதில் சொல்வேன் என்று அறிவித்தார். பார்த்தவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

அதற்கு மறுநாள் காலை கடை நம்பருக்கு அவரே கூப்பிட்டார்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க முகம் கொஞ்சம் வேணும்."

"என்ன வேணும்?"

"முகம்க்கா. போன் பூட்டிக்கிச்சு. வீடியோ கால்ல வர்றீங்களா, காட்டிப் பாக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. லாக் இல்லாத போன் என்று நான் சொல்லி வாங்கியது சிம் விஷயத்தில்தான், ஆளைப் பொறுத்தவரை அது நல்ல பூட்டு. "படத்தைக் காட்டினா திறக்காது தம்பி. நேர்ல வந்துடுங்க, திறந்து தரேன்" என்று, ரெடியான துணியை எடுத்துப் போகச் சொல்லும் குரலிலேயே சொன்னேன். அன்று மாலை நேரலைக்கு அவருக்கு வேறு வழி இல்லை என்பதாலோ என்னவோ, அவர் சந்தேகப்படவில்லை. சாயங்காலம் வருவதாகச் சொன்னார். உடனே காவல் நிலையத்துக்குத் தகவல் சொன்னோம்.

மாலையில் பெண் காவலர் ஒருவர் சாதாரண உடையில் வந்து, தொங்கும் கோட்டுகளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். உதவி ஆய்வாளர் எதிர்க்கடையில் டீ குடிப்பதுபோல் இருந்தார். உண்மையிலேயே குடித்தார் என்று பிறகு தெரிந்தது. என் கணவர் ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு வீடியோ தம்பி ஓடிவந்தார். நேரமாகிவிட்டதால் வழியிலேயே நேரலையைத் தொடங்கிவிட்டிருந்தார். ஒரு கையில் குச்சியில் மாட்டிய அவருடைய போன், இன்னொரு கையில் என் போன். "ஒரு சின்ன டெக்னிக்கல் வேலை மக்களே, நம்ம அக்கா ஒருத்தங்க உதவி பண்றாங்க" என்று சொல்லிக்கொண்டே என் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அது என்னைப் பார்த்ததும் திறந்துகொண்டது. முகப்பில் என் கணவர் நீராவிக்குள் நின்றிருந்தார். நான் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அவர் திரும்பக் கேட்டுக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

அதன் பிறகு என்ன பேசினேன் என்பது வீடியோவில் பதிவாகியிருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன். குச்சியில் இருந்த போனைப் பார்த்து, "வணக்கம். இது என் போன். நான்தான் முதல்ல வாங்கினேன். என் சின்னம்மா மகன் கப்பல்ல கொண்டு வந்தான். நீங்க பாத்த போட்டோவும் நான் எடுத்தது, அதோ நிக்கிறாரே அவர்தான் அந்த மாமா, என் வீட்டுக்காரர்" என்றேன். என் கணவர் மடித்த சட்டையோடு கையைத் தூக்கினார். திரையில் கேள்விகள் மழைபோல் விழ ஆரம்பித்தன. ஈரத்தில் தாங்குமா என்று யாரோ கேட்டார்கள். நான் நீராவியை ஓங்கித் திறந்துவிட்டு, அதற்குள் போனை நீட்டி ஒரு போட்டோ எடுத்துக் காட்டினேன். ஆவி விலகியதும் தம்பியின் முகம்தான் அதில் இருந்தது, வியர்வை உட்படத் தெளிவாக. இன்னும் காட்டுங்க அக்கா என்று எழுதினார்கள். எனக்குக் கால் தரையில் இல்லை. எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. கோட்டுகளுக்குப் பின்னால் இருந்த பெண் காவலர், "இருட்டுல எப்படி எடுக்கும்னு காட்டுங்க" என்று தலையை நீட்டினார். அப்போதுதான் அவருக்கே தான் வந்த வேலை ஞாபகம் வந்து, தோளில் ஒட்டிய பிளாஸ்டிக் உறையோடு வெளியே வந்து தம்பியின் கையைப் பிடித்தார்.

அதன் பிறகு எல்லோரும் நிலையத்துக்கு வந்தோம். போன் என் கையிலிருந்து வாங்கப்பட்டு மேசை மேல் வைக்கப்பட்டது. உதவி ஆய்வாளர் என்னிடம், "கேஸ் போட்டா போன் கோர்ட்டுக்குப் போயிடும்மா. கைக்கு வர எத்தனை நாளாகும்னு சொல்ல முடியாது. சமாதானமா முடிச்சுக்கிட்டா இப்பவே எடுத்துட்டுப் போகலாம்" என்று விளக்கினார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. அதற்குள் என்னிடம் இருந்தால்தான் அது ஊரிலேயே ஒரே போன், அதற்குப் பிறகு எல்லோரிடமும் இருக்கும் போன். நான் சமாதானமாகவே போகத்தான் நினைத்தேன். மன்னிப்புக் கேட்டால் போதும் என்று சொன்னேன்.

தம்பி கேட்கவும் செய்தார். "மன்னிச்சிடுங்கக்கா. திருடணும்னு எடுக்கல. ரெண்டு நாள்ல குடுத்திருப்பேன்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "என் கையில இருந்தா ஊரே பாக்கும்க்கா. இஸ்திரி போடுறவங்க கையில இருந்தா அதை யாரு பாக்கப் போறா?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. எனக்கு நியாயம் எடுத்துச் சொல்லும் முகத்தோடுதான் சொன்னார்.

நான் மேசையில் இருந்த போனைப் பார்த்தேன். யாரோ கையெழுத்துக்கு நீட்டிய பேனா என் கையில் இருந்தது. பிறகு என் கணவரைப் பார்த்தேன். இந்தப் போனுக்கு என்ன அவசரம் என்று முதல் நாளே கேட்டவர் அவர்தான்.

அவர், "போன் போனாப் போகுது. நீ எழுதச் சொல்லு" என்றார்.

ஆகவே எழுதச் சொன்னேன். புகாரை நான் திரும்பப் பெறவில்லை. என் கண்ணெதிரே போனை உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள். அது வெள்ளிக்கிழமைக்கு முன் வராது என்று எனக்குத் தெரியும். வரும்போது வரட்டும். நான்தான் முதல் என்று அத்தனை பேர் பார்க்கச் சொல்லியாகிவிட்டது. அதை எந்த உறையிலும் போட முடியாது. இதைச் சொல்லும்போது நான் சிரித்ததாக எழுதிக்கொள்ளலாமா என்று எழுத்தர் கேட்டார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கடைசித் தாளில் கைப்பற்றிய பொருளின் நிறம் கறுப்பு என்று இருந்ததை அடர் நீலம் என்று திருத்தச் சொல்லி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன். மற்ற எல்லாம் நான் சொன்னபடியும் நடந்தபடியும் இருக்கின்றன. யாரும் சொல்லிக் கொடுத்துச் சொல்லவில்லை.

(ஒப்பம்)
புகார்தாரர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்)
உதவி ஆய்வாளர்