மஞ்சள் தகட்டின் உறுதி

எந்தச் சாமானையும் சோதித்துப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை, ஐயா. சட்டி என்றால் தட்டிப் பார்ப்பேன். சீலை என்றால் ஒரு மூலையை நனைத்துப் பார்ப்பேன்.

மாட்டுக் காதில் குத்தும் மஞ்சள் இலக்கத் தகட்டை மட்டும் பேச்சை நம்பி வாங்கிவிட்டேன். விற்க வந்தவர் ஜெயசுதன்.

"உது கழராதோ தம்பி?"

"பத்து வருசம் நிக்கும், நாகேஸ்வரியம்மா. கழண்டால் என்ரை காதிலை குத்துங்கோ."

இரண்டு பேரும் சிரித்தோம்.

தகடு குத்திய எட்டாம் மாதம் என் பசு சிவப்பி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, தெருவில் திரியும் கட்டாக்காலி மாடுகளோடு பிரதேச சபையாரிடம் பிடிபட்டது. காதில் தகடு இல்லை. இலக்கம் இல்லாத மாட்டுக்குச் சொந்தக்காரர் இல்லை என்றார்கள். ஏலத்தில் இறைச்சிக்காரர் எடுத்தார். என்னைப் பார்த்துக் கத்திக் கத்தியே அவருடைய லான்ட்மாஸ்டர் வண்டியில் ஏறியது.

ஜெயசுதனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"தகடு தானாக் கழராதம்மா. ஆரோ வெட்டியிருக்கினம். எங்கடை சாமானைக் குறை சொல்லாதேங்கோ."

"அப்ப சோதிச்சுப் பாப்பமோ?"

"ஓம், ஆறுதலாச் சோதியுங்கோ."

ஒரு பொதி தகடும் குத்துகிற குறடும் தந்துவிட்டுப் போனார்.

ஆறுதலாக, அவசரப்படாமல்தான் சோதித்தேன். ஒன்றைக் கூரையில் வெயிலுக்கு வைத்தேன். ஒன்றைக் கடல் தண்ணீரில் ஊறப்போட்டேன். ஒன்றைப் பனையில் தேய்த்தேன். எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எனக்குக் கோபத்தை ஏற்றியது. உயிருள்ள காதில் நிற்பது வேறு கதை அல்லவா?

முடிவு கேட்க வந்தவரை மாட்டுக் கொட்டில் நிழலில் இருத்திக் கூழ் கொடுத்தேன். அதில் என் நித்திரைக் குளிசைகள் ஆறு இருந்தன. கண் விழித்தபோது சிவப்பியின் கட்டையில் கட்டுண்டிருந்தார். காதில் தகடு.

"அம்மா, பகிடிக்குச் சொன்னனான். அவிட்டு விடுங்கோ!"

"கத்தாதேங்கோ தம்பி. சிவப்பியும் கத்தினவள்."

பக்கத்து வீட்டார் கனடாவில். கேட்க ஆளில்லை.

மூன்று நாள். தண்ணீர் வைத்தேன், வைக்கோலும் வைத்தேன். தகட்டில் கயிறு கட்டி, வேலியில் கொளுவிய மாடு இழுப்பதுபோல் இழுத்தேன். தகடு கழலவில்லை. காதுதான் கிழிந்தது. ஒரு சோதனையோடு முடிவு சொல்லக் கூடாது என்று மற்றக் காதிலும் குத்தினேன். பொலிஸ்காரர் நீங்கள் வந்திராவிட்டால் அதன் முடிவும் தெரிந்திருக்கும்.

எழுதிக்கொள்ளுங்கள்: தகடு நல்ல தகடு.

சிவப்பியின் காது சீழ் பிடித்தபோது தகட்டைப் பாக்குவெட்டியால் வெட்டி எடுத்தது நான்தான். எப்படியோ, தகடு காதில் நிற்கவில்லை. கழன்றால் தன் காதில் குத்தச் சொன்னவர் அவர்.