கையால் முடுக்கிய நட்டு

மே மாதத்துப் பனியைக் காலையில் மட்டும்தான் நம்பலாம். ராத்திரி உறைந்து இறுகிக் கிடக்கும். வெயில் ஏற ஏறக் கஞ்சியாய்க் குழைந்துவிடும். அதனால்தான் உங்களைக் காலையிலேயே வரச் சொன்னேன். வழியில் வண்டி எங்கும் புதையவில்லையே? காபி குடியுங்கள். காபியில் போட்ட பாலாடைக்கட்டி கோப்பையின் அடியில் ஊறட்டும், கடைசியில் எடுத்துத் தின்னலாம். என் மனைவி மாரித் கொட்டகைப் பக்கம் போயிருக்கிறாள். அவள் திரும்புவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

மாரித்தின் தம்பி நீலாஸ் ஆற்று முகத்தில் மூழ்கியதை விபத்து என்று போலீஸ் அறிக்கையில் நீங்கள் முடித்துவிட்டீர்கள். தவறு உங்களுடையதில்லை. நிறைய விசாரித்தீர்கள். அன்று காலை அவனுடைய பனிவண்டியைப் பழுது பார்த்தது யார் என்று மட்டும் கேட்கவில்லை. நான்தான் பார்த்தேன். இந்தப் பக்கத்து மான் மேய்ப்பர்கள் எல்லோருடைய வண்டியையும் நான்தான் பார்ப்பேன். கை வந்த வேலை.

சினையான பனிமான்கள் கன்று போடக் கடற்கரைப் பக்கம் நகரும் காலம் அது. எங்கள் மந்தையில் பாதி ஏரிக்கு அக்கரையில் நின்றது. நீலாஸ் அங்கே போகக் கிளம்பியவன் என் முற்றத்தில் வண்டியை நிறுத்தினான்.

"அத்தான், பின்னாடி டக்கு டக்குன்னு ஏதோ பல்லைக் கடிக்குது. கொஞ்சம் பாக்குறீங்களா?"

"பல்லைக் கடிக்கிறது வண்டியா, நீயா?"

"நான் கடிச்சா இவ்வளவு சத்தம் வராது. பாதிப் பல்லு போயிடுச்சே."

சிரித்தோம். அப்போது எனக்கு எந்த எண்ணமும் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

வண்டியின் பின்பாகத்தைத் தூக்கிக் கட்டையில் நிறுத்தினேன். அடியில் சுற்றும் ரப்பர் பட்டை தொங்கிப்போயிருந்தது. நடுவில் பிடித்து இழுத்தால் உள்ளங்கை முழுவதும் இடைவெளியில் நுழைந்தது. இரண்டு விரல் நுழைந்தால் போதும், அதற்கு மேல் ஆகாது. இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தேன். மெல்லச் சுற்றும்போது சத்தமில்லை. சட்டென்று முடுக்கினால், சுழற்றும் பல்சக்கரம் பட்டையின் பற்களைப் பிடிக்காமல் தாண்டித் தாண்டி ஓடியது. டக்கு டக்கு. அந்த நேரத்தில் இயந்திரம் கத்தும், வண்டி நகராது.

சரிசெய்வது பெரிய வித்தையில்லை. பின் அச்சின் நட்டைத் தளர்த்த வேண்டும். இரண்டு பக்கத்துத் திருகுகளையும் ஒரே அளவு திருகினால் அச்சு பின்னால் போகும், பட்டை இறுகும். ஒரு பக்கம் கூடினால் பட்டை கோணிக்கொள்ளும். சுற்ற விட்டுப் பார்த்துச் சமன் செய்துகொள்ளலாம். கடைசியாக அச்சின் நட்டை முழு பலத்தோடு முடுக்கிவிட வேண்டும். அந்த நட்டுதான் மற்றதையெல்லாம் பிடித்து நிறுத்துவது.

எல்லாம் முறையாகச் செய்தேன். நட்டை மட்டும் கையால் முடுக்கியதோடு விட்டுவிட்டேன்.

மறந்துவிட்டேன் என்று நினைப்பீர்கள். ஸ்பானர் என் மடியில்தான் இருந்தது. எடுத்துத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.

அப்படி விட்டால் முற்றத்தில் ஒன்றும் தெரியாது. மேட்டிலும் பள்ளத்திலும் அதிர்ந்து போகப் போகத் திருகுகள் தாமே பின்வாங்கும். ஏரிக்கரை போய்ச் சேர்வதற்குள் பட்டை பழையபடி தொங்கிவிடும். நீலாஸ் முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"வெண்ணெய் மாதிரி ஓடுது, அத்தான்!"

மாரித் வாசலில் வந்து நின்று காய்ந்த மான் இறைச்சியை ஒரு பையில் கட்டிக் கொடுத்தாள். "வழியிலேயே தின்னு தீர்த்துடாதே. அக்கரையில இருக்கிறவங்களுக்கும் குடு," என்றாள்.

"அக்கா கைப்பட்டது அக்கரை வரைக்கும் தாங்காது," என்றான் அவன்.

அவர்கள் இருவரும் பேசிக்கொள்ள ஆரம்பித்ததே இந்த ஈஸ்டருக்குப் பிறகுதான். காரணம் உங்களுக்குத் தெரியும். போன வருடம் இதே மாதத்தில், அதே ஆற்று முகத்தில், எங்கள் மகன் ஐலு மூழ்கினான். அங்கே ஆறு ஏரியில் விழும் இடம் உறைவதில்லை. இரண்டு பக்கமும் பனிக்கட்டி, நடுவில் கறுப்பாக ஒரு துண்டுத் தண்ணீர். முழு வேகத்தில் வந்தால், சில்லு எறிந்தால் தத்திப் போகுமே, அப்படி வண்டி தண்ணீர் மேலேயே ஓடி அக்கரை ஏறிவிடும். அரை மூச்சு வேகம் குறைந்தாலும் கீழே இழுத்துக்கொள்ளும். அந்த விளையாட்டை ஐலுவுக்குக் கற்றுக்கொடுத்தவன் அவனுடைய தாய்மாமன் நீலாஸ். ஐலுவுக்கு அப்பா சொல் கசப்பு, மாமன் சொல் வெல்லம்.

குளிர்காலம் முழுவதும் மாரித் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு மன்னித்துவிட்டாள். என்னை யாரும் கேட்கவில்லை.

ஐலு போன நாளிலிருந்து நீலாஸ் அந்தத் தண்ணீரில் வண்டி விடுவதில்லை. விடமாட்டேன் என்று அக்காவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். அன்றும் மேட்டு வழியாகச் சுற்றித்தான் போக இருந்தான். அவள் உள்ளே போன பிறகு நான் சொன்னேன்.

"மேட்டு வழியில பனி கரைஞ்சு போச்சு. வெறும் பாறை. நேத்துதான் பார்த்துட்டு வந்தேன்."

"ஐயோ, அப்ப நாளைக்கு நடந்தே போறேன்."

"அக்கரையில ஓநாய்த் தடம் பாத்திருக்காங்க. நாளைக்குக் கன்னு மிச்சம் இருக்காது. தண்ணி மேல போயிடு."

"அக்காவுக்குச் சத்தியம் பண்ணிருக்கேன், அத்தான்."

"அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவன் கொஞ்ச நேரம் கையுறையைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தான். பிறகு, "நீங்களே சொல்றீங்கன்னா சரி," என்று கிளம்பினான். மேட்டு வழியில் இடுப்பளவு பனி இருந்தது. ஓநாய்த் தடத்தை யாரும் பார்க்கவில்லை.

நான் என் வண்டியில் பின்னாலேயே போனேன். கரைக்கு மேலே ஒரு குன்று இருக்கிறது, அங்கே நிறுத்தினேன். வழக்கம்போல வண்டியில் நீளக் கயிறு இருந்தது. நீலாஸ் தூரத்திலிருந்தே வேகமெடுத்தான். நல்ல ஓட்டுநர், அதில் சந்தேகமில்லை. தண்ணீரில் ஏறியதும் வண்டி அழகாக ஓடியது. நடுவே வந்தபோது இயந்திரத்தின் சத்தம் மட்டும் உயர்ந்தது, வண்டியின் வேகம் உயரவில்லை. டக்கு டக்கு. குன்று மேலிருந்தே கேட்டது. முன்பக்கம் ஆகாயத்தைப் பார்த்தது, பிறகு ஒன்றும் இல்லை.

அவன் மேலே வந்து பனிக்கட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். என்னைப் பார்த்துவிட்டான். "அத்தான், கயிறு," என்றான். கத்தவில்லை. கயிறு கேட்டால் நான் கொண்டுவருவேன் என்று நம்புகிற ஒருவன் கேட்கிற குரல். நான் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். விளிம்பு ஒடிந்தது, வேறு இடத்தில் பிடித்தான், அதுவும் ஒடிந்தது. அந்தக் குளிரில் வெகுநேரம் ஆகாது. பிறகுதான் கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.  

மறுநாள் ஊர்க்காரர்களோடு சேர்ந்து வண்டியை வெளியே இழுத்தபோது முதலில் கை வைத்தவன் நான்தான். யாரும் கவனிக்கும் முன் நட்டை ஸ்பானரால் முடுக்கிவிட்டேன். தொங்கும் பட்டையைப் பார்த்து, தேய்ந்துபோனது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். மாரித்துக்காகத்தான். அவள் சாப்பிடுவதில்லை. தம்பி சத்தியத்தை மீறியது சாவதற்காகத்தான் என்று நினைக்கிறாள். "நான் பேசாம இருந்தேனே, அதுதான் அவனைத் தின்னுடுச்சு. மன்னிச்சிட்டேன்னு வாயால சொன்னேன், அவன் நம்பல. ஐலு போன இடத்துக்கே போயிட்டான்," என்கிறாள். அடுப்புப் பக்கம் உட்கார்ந்து இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவன் சாகப் போகவில்லை, கன்றுகளைக் காப்பாற்றத்தான் போனான் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் சொன்னால் நம்புவாள்.

மகனைப் பறிகொடுத்த தகப்பன் பழிவாங்கினான் என்று எழுதுங்கள். கேட்கிறவர்களுக்குப் புரியும்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். நான் எதையோ விட்டுவிட்டேன் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. ஆமாம். முற்றத்தில் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் சொன்ன ஒன்றை விட்டுவிட்டேன்.

பட்டை சுற்றுவதை நிறுத்திவிட்டு அச்சின் முன்னால் குனிந்திருந்தேன். ஸ்பானர் என் கையில் இருந்தது. நீலாஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் தோளில் கை வைத்தான்.

"இதே சத்தம்தான் அத்தான், ஐலு வண்டியிலயும் கேட்டுச்சு. நான் கரையில நின்னுட்டிருந்தேன். பையன் வேகத்துல ஒரு குறையும் வைக்கல. வண்டிதான் விட்டுடுச்சு. அப்பாகிட்ட காட்டினேன், அப்புறம் பாக்கலாம்னுட்டார்னு சொல்லிட்டிருந்தான். நான் அக்காகிட்டகூட சொல்லல. சொல்லவும் மாட்டேன். பழியெல்லாம் என் மேலயே இருக்கட்டும். உங்களுக்குத் தெரியணும்னுதான் சொன்னேன்."

மிக அன்பாகச் சொன்னான். கிட்டத்தட்ட ஒரு வருடம் அக்கா முகம் கொடுக்காததைத் தாங்கிக்கொண்டு, எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான். நான் தலையாட்டினேன். இதைத் தெரிந்த ஒருவன் இனி தினமும் என்னைப் பார்த்து அன்பாகச் சிரிப்பான் என்று நினைத்தேன். ஸ்பானரை மடியில் வைத்துவிட்டு நட்டைக் கையால் முடுக்கினேன்.

உண்மைதான். ஐலு என்னிடம் காட்டினான். கன்றுகளுக்கு அடையாளத்துக்குக் காது வெட்டும் வேலை முடியட்டும், அதுவரை தாங்கும் என்றேன். மானுக்கு ஆயிரம் வேலை, மகனுக்கு இந்த ஒரு வேலை.

அதோ, மாரித் வருகிறாள். அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நீலாஸை நான் கொன்றேன் என்று சொல்லிவிடுங்கள். கயிற்றைப் பற்றியும் சொல்லுங்கள், ஒன்றையும் மறைக்க வேண்டாம். ஐலுவின் வண்டியைப் பற்றி மட்டும் சொல்லாதீர்கள். அவள் தாங்கமாட்டாள்.